லேடோ வரை

அசாமின் திப்ரூகரிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் மெதுவாகப் போகிறது.

இருபுறமும் தேயிலை. எல்லாம் ஒரே உயரம். இடையிடையே மெலிந்த நிழல் மரங்கள்.

காற்று நிற்கிறது. வடகிழக்கில் மேகம் கறுக்கிறது. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் இரும்பின் ஈரம்.

*

லாஹோவால். டிக்கோம். சாபுவா.

இறங்குபவர்கள் மூட்டையோடு இறங்குகிறார்கள். ஏறுபவர்களும் மூட்டையோடு.

ஊருக்கு அப்பால், மரங்களின் பின்னால், விமானத்தளம். இப்போது இந்திய விமானப்படையுடையது. ஜன்னலிலிருந்து ஓடுதளம் தெரிவதில்லை. ஒரு முழக்கம் மட்டும் எழுகிறது. தலைக்கு மேல் கடந்து கிழக்கே தேய்கிறது.

எதிர் இருக்கையில் உறங்கும் குழந்தை விழிக்கவில்லை.

*

1942 ஏப்ரல் கடைசி. ஜப்பானியப் படை லாஷியோவைப் பிடிக்கிறது. பர்மாச் சாலை அறுபடுகிறது. கடல் வழி முன்பே அடைபட்டுவிட்டது. சீனாவுக்குள் பொருள் போக வானம் ஒன்றுதான் பாக்கி.

விமானத்தளங்களுக்காகத் தேயிலைச் செடிகளைப் பிடுங்குகிறார்கள். நிலத்தைச் சமன் செய்கிறார்கள். சாபுவா. தின்ஜான். மோகன்பாரி. சூக்கேராட்டிங். ஒவ்வொரு தளத்துக்கும் வேண்டியதெல்லாம் இந்த ரயில் பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அக்காலப் புகைப்படங்களில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். கையில் சுத்தியல், முன்னால் கல். உடைக்கிறார்கள். கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றுகிறார்கள். கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

முகங்கள் மிகச் சிறியவை. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகளாகக் கலைந்துவிடுகின்றன.

*

ஒரு பீப்பாயின் பின்னால் போகிறது மனம்.

இருநூறு லிட்டர் பெட்ரோல். கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்குகிறது. அகலப் பாதை வண்டியில் வடக்கே வருகிறது. பார்வதிபூரில் அதை இறக்கி மீட்டர் கேஜ் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். கையால், தோளால். கூலிக்காரர்களின் கழுத்து நரம்பு புடைக்கிறது.

பிறகு பிரம்மபுத்திரா. பாலம் வருவதற்கு 1962 ஆகும். அமீன்காவ் கரையில் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றுகிறார்கள். எதிரே பாண்டுக் கரையில் இறக்குகிறார்கள்.

பிறகு ஒற்றைத் தடம், பல நூறு மைல். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். காட்டுக்குள் நின்றுகிடக்கிறது பீப்பாய். மழை பெய்கிறது. வெயில் அடிக்கிறது. காவலாள் பீடி பற்றவைக்கத் தள்ளிப்போகிறான்.

கடைசியில் ஏதோ ஒரு சைடிங்கில் இறங்குகிறது. லாரியில் ஏறுகிறது. விமானத்தின் வயிற்றுக்குள் உருள்கிறது. உருளாமலிருக்கக் கயிறு போட்டு இறுக்குகிறார்கள்.

இனி குன்மிங் வரை ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர். சில மணி நேரம்.

எல்லாப் பீப்பாயும் போய்ச் சேர்வதில்லை.

*

ஒரு பீப்பாய் பெட்ரோலைச் சீனாவில் இறக்க, ஏறக்குறைய இன்னொரு பீப்பாயை விமானமே குடிக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். அடுத்த வரி வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

*

1944 மார்ச் 1. அமெரிக்க ராணுவத்தின் ரயில்வே பட்டாளங்கள் இந்தப் பாதையை ஏற்கின்றன. மேற்கே கதிஹாரிலிருந்து கிழக்கே லேடோ வரை. வண்டிகள் நீள்கின்றன. வேகம் கூடுகிறது.

உள்ளூர் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் அவரவர் வேலையில் தொடர்கிறார்கள். கைகாட்டி மரம். பாயிண்ட்ஸ். கரி. தண்ணீர்.

*

மழை தொடங்குகிறது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பெட்டி இருள்கிறது. ஈர மண்ணின் வாசனை. யாரோ உரித்த ஊறல் பாக்கின் புளித்த நெடி.

ஏப்ரல் மாதத்து இந்தப் புயலை அசாமியர் போர்தோய்சிலா என்கிறார்கள். தாய்வீட்டுக்கு ஓடும் மகள் அவள். போகிற போக்கில் வேலி சாயும், கூரை பிரியும்.

அவள் போகும் வானத்தில்தான் அன்றைய விமானிகளும் போகிறார்கள். ஏப்ரலில், மேயில். பகலில், இரவில்.

*

பட்காய். சிந்த்வின். ஐராவதியின் கிளைகள். சால்வீன். மேகாங்.

ஒவ்வோர் ஆற்றுக்கும் இடையில் ஒரு மலைத்தொடர். சால்வீனுக்கும் மேகாங்குக்கும் நடுவே 15,000 அடி. சாபுவா கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர்.

வரைபடத்தில் விரல் நகர்கிறது. தாள் வழவழப்பாக இருக்கிறது.

*

சி-46 சரக்கு விமானம். இரண்டு இஞ்சின்கள், பெரிய வயிறு. குறைகள் தீரும் முன்பே 1943இல் இங்கே வந்து சேர்கிறது. கார்புரேட்டரில் பனி உறைகிறது. இறக்கைமேல் பனி ஏறுகிறது. இறக்கைக்குள்ளே பெட்ரோல் கசிகிறது.

ஓட்டுபவர்களே அதைப் பறக்கும் சவப்பெட்டி என்கிறார்கள். சொல்லிவிட்டு ஏறுகிறார்கள்.

பலருக்கு வயது இருபதை ஒட்டித்தான்.

*

எல்லா விமானமும் மலையில் விழவில்லை.

ஓடுதளத்தை விட்டு எழுந்து, மரங்களைத் தாண்டும் முன் விழுந்தவை உண்டு. பாரத்தால் விழுந்தவை, இஞ்சின் நின்று விழுந்தவை. மலைகளையெல்லாம் கடந்து திரும்பி வந்து, மூடுபனியில் தளத்தைத் தேடி, தளத்தின் வாசலிலேயே விழுந்தவையும் உண்டு. பி-24 குண்டுவீச்சு விமானத்தை உடம்பெல்லாம் பெட்ரோல் தொட்டியாக மாற்றி சி-109 என்று பெயரிடுகிறார்கள். அது விழுந்தால் எடுப்பதற்கு அதிகம் இருப்பதில்லை.

கொழுந்து கிள்ளும் கைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலே சத்தம் மாறுகிறது. இரண்டு இஞ்சினின் ஓசை ஒன்றாகிறது. ஒன்று இல்லாமலாகிறது. நெற்றிப் பட்டையில் கூடையைத் தொங்கவிட்டபடி ஒருத்தி நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

அவள் என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

தேயிலை நெடுங்காலம் வாழும் செடி. கவாத்துக்குக் கவாத்து துளிர்க்கும். அன்று அவள் கிள்ளிய செடிகளில் சில இப்போது ஜன்னலைக் கடந்து போகின்றனவோ என்னவோ.

*

1942 அக்டோபர் 25. ஜப்பானிய விமானங்கள் தின்ஜானுக்கும் சாபுவாவுக்கும் மேலே வருகின்றன. தரையில் நிற்கும் விமானங்கள் நின்ற இடத்திலேயே எரிகின்றன.

இவை எங்கிருந்தும் விழவில்லை.

*

பனிடோலா. ஹிஜுகுரி. தின்சுகியா.

வண்டி நீண்ட நேரம் நிற்கிறது. பால் இல்லாத சிவந்த தேநீர். கோப்பையின் சூடு விரல்களில் ஏறுகிறது. நாக்கில் ஒரு துவர்ப்பு. அது போகும்வரை வேறெதுவும் இல்லை.

இங்கே தோட்டங்கள் தமக்கென ஒரு நேரம் வைத்திருக்கின்றன. இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னால். ஸ்டேஷன் கடிகாரத்துக்கு ஒரு பொழுது. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு பொழுது.

*

வெளியே ஒரு வீட்டின் வேலியில் துருப்பிடித்த எஃகுத் தகடுகள். பத்தடி நீளம். வரிசை வரிசையாக வட்டத் துளைகள்.

அன்றைய ஓடுதளத்தில் பாவிய தகடுகள். ஒன்றுக்கு 87 துளை, 30 கிலோ எடை. கொக்கியால் ஒன்றோடொன்று கோத்துச் சேற்றின்மேல் விரித்தால் விமானம் இறங்கலாம்.

ஒரு துளைக்குள் நுழைந்து மறு துளையில் வெளிவருகிறது சுரைக்கொடி.

*

1942 மழைக்காலம். பர்மாவை விட்டு ஓடிவருபவர்களில் ஒரு பகுதியினர் ஹுக்காங் பள்ளத்தாக்கைக் கடந்து, பாங்சாவ் கணவாய் ஏறி, லேடோவை நோக்கி நடக்கிறார்கள். சேறு. அட்டை. காய்ச்சல். வழியோரம் உட்கார்ந்தவர்களில் பலர் எழுவதில்லை.

அந்த ஆண்டு வெவ்வேறு வழிகளில் பர்மாவிலிருந்து நடந்த லட்சக்கணக்கான இந்தியரில் தமிழர்கள் ஏராளம். ஐராவதியின் வயல்களை, ரங்கூனின் தெருக்களை விட்டுவிட்டு, கையில் பிள்ளையோடு.

காட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து அரிசி மூட்டைகளைப் போடுகின்றன. அந்த ஆண்டில், அந்தக் காட்டில், இஞ்சின் சத்தம் கேட்டதும் வானத்தைப் பார்த்துக் கைகூப்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

பிழைத்தவர்கள் இங்கே வந்து ரயில் ஏறுகிறார்கள். இதே பாதை. பெட்ரோல் மேலே வருகிறது. அவர்கள் கீழே போகிறார்கள்.

*

1943 ஆகஸ்ட் 2. சாபுவாவிலிருந்து எழுந்த சி-46 ஒன்றின் இடது இஞ்சின் நாகா மலைகளின்மேல் நின்றுபோகிறது. உள்ளே இருபத்தொரு பேர். மூட்டைகளை வெளியே தள்ளுகிறார்கள். பாரம் குறைந்தும் விமானம் தாழ்கிறது. பிறகு தாங்களே குதிக்கிறார்கள். வானொலிச் செய்தியாளர் எரிக் செவரீட் அவர்களில் ஒருவர்.

துணை விமானி பிழைக்கவில்லை. மற்ற இருபது பேரும் உயிரோடு மண்ணைத் தொடுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு விமானம் அவர்களைக் கண்டுபிடித்து மேலே சுற்றுகிறது. அதிலிருந்து மூவர் குதிக்கிறார்கள். மருத்துவர் டான் ஃப்ளிக்கிங்கர், அவருடைய உதவியாளர்கள் இருவர். அவர்களுடைய இஞ்சின் நிற்கவில்லை. விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருக்கிறது.

எப்போது வாசித்தாலும் மூச்சு இங்கே தங்கிவிடுகிறது. முதல் குதிப்பில் அல்ல. இந்த இரண்டாவதில்.

தலை வெட்டும் வழக்கமுள்ள கிராமங்கள் என்று அஞ்சிய இடத்தில் நாகா மக்கள் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். பிறகு மொகோக்சுங் வரை பல நாள் நடை. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி. வானத்தில் சில நிமிடங்களாக இருந்த தூரம்.

*

மழை விட்டிருக்கிறது. ஷட்டர் திறந்ததும் வெளிச்சம் மடியில் விழுகிறது.

ஒன்றும் நினைக்காத ஓர் இடைவெளி. சக்கரங்கள். சக்கரங்கள்.

*

தெளிந்த நாளில் கீழே சரிவுகளில் மின்னும் சிதைவுகளைப் பார்த்தே வழி கண்டதாக விமானிகள் சொல்கிறார்கள். அலுமினியத் தடம் என்று அதற்குப் பெயர்.

பள்ளத்தாக்கில் ஒரு தண்டவாளம். மலைமேல் இன்னொன்று, முன்னே போனவர்கள் விழுந்து விழுந்து இட்டது.

*

மாக்கும். திக்பாய்.

1901இலிருந்து இங்கே எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். காற்றில் அந்த வாசனை மெல்லியதாக வந்து நிற்கிறது.

ஊரில் ஒரு போர்க்கல்லறை. ஏறத்தாழ இருநூறு பேர். வெட்டிய புல், ஒரே அளவில் கற்கள். ஈரப் புல்லின்மேல் நடக்கும்போது காலடிச் சத்தம் கேட்பதில்லை. கேட்காதது நல்லது என்று படுகிறது.

அமெரிக்கர்கள் இங்கே இல்லை. போர் முடிந்தபின் அவர்களைத் தோண்டியெடுத்து ஹவாய்க்கோ அவரவர் ஊருக்கோ கொண்டுபோகிறார்கள். மலையில் கிடப்பவர்களை விட்டுவிட்டு.

*

மலைக்கிராமங்களில் விழுந்த விமானத்தின் அலுமினியம் சட்டியாகிறது. தட்டாகிறது. உலை கொதிக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உண்கிறார்கள்.

இதில் பிழையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்டுப் பார்க்கிறேன். உலை கொதிக்கும் சத்தம்தான் மனதில் கேட்கிறது.

*

1944 ஜனவரி 25. குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்கு வரும் பி-24 ஒன்று மேகத்துக்குள் போகிறது. எட்டுப் பேர். இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தின் தம்ரோ கிராமத்துக்கு அருகே மலையில் மோதுகிறது.

2006இல் அமெரிக்க மலையேறி கிளேட்டன் குல்ஸ் உள்ளூர் மக்களின் துணையோடு அதன் சிதைவுகளைக் காண்கிறார். 2015இல் ஒரு குழு வந்து அந்தச் சரிவைத் தோண்டுகிறது. கிடைத்தது எலும்புத் துணுக்குகள்.

அறுபதுக்கும் மேற்பட்ட மழைக்காலம். ஒவ்வொன்றும் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து மூடியிருக்கும். கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

*

தந்தி என்று ஒன்று இருந்தது. கதவு தட்டப்படும். காணவில்லை என்ற சொல் இருக்கும். இறந்தார் என்ற சொல் இருக்காது.

அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் சமைக்கிறாள், துவைக்கிறாள், உறங்குகிறாள்.

*

போகாபானி. மார்கரீட்டா.

பாதை வளைகிறது. வலப்பக்கம் மலைகள் நெருங்கி வந்துவிட்டன. நீலம் என்று சொல்ல முடியாது. சாம்பல் என்றும் சொல்ல முடியாது.

பெட்டியில் பாதி காலி.

*

மூன்றரை ஆண்டுகள் பறக்கிறார்கள். 1942 ஏப்ரல் தொடங்கி 1945 நவம்பர் வரை.

ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு மலையைக் கடக்கிறது. 594 விமானங்கள் விழுந்தும் காணாமலும் போகின்றன. இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் 1,659. இவை அமெரிக்க ராணுவப் போக்குவரத்து விமானங்களின் கணக்காகப் பெரிதும் சொல்லப்படும் எண்கள். மற்றக் கணக்குகள் தனி.

கல் உடைத்தவர்களுக்கு ஓர் எண்ணைத் தேடுகிறேன். பார்வதிபூரில் பீப்பாய் மாற்றியவர்களுக்கு. கணவாயில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு.

பென்சில் தாளின்மேல் நிற்கிறது.

*

லேடோ.

இத்தோடு தண்டவாளம் முடிகிறது. முன்பு இன்னும் சற்றுக் கிழக்கே லேக்காபானி வரை போய்க்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நிலக்கரித் தூள். செருப்பின் கீழ் நறநறக்கிறது.

இங்கிருந்துதான் 1942 டிசம்பரில் காட்டை வெட்டிச் சாலை போடத் தொடங்குகிறார்கள். 1945 ஜனவரியில் முதல் லாரி வரிசை குன்மிங்குக்குப் புறப்படுகிறது. சாலை திறந்தபின்னும் விமானங்கள் நிற்கவில்லை. விழுவதும் நிற்கவில்லை.

இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள். இரும்பு மோதும் சத்தம். மலை அதைக் கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்கிறது.

*

2023இல் அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் ஓர் அருங்காட்சியகம் திறக்கிறார்கள். மலைகளிலிருந்து தூக்கிவந்த பாகங்கள் அங்கே விளக்கின் கீழ்.

தூக்கிவராதவை அதிகம்.

*

1945 ஜனவரி முதல் வாரம். குன்மிங்கிலிருந்து பதின்மூன்று பேரோடு வரும் ஒரு சி-46 புயலுக்குள் மறைகிறது.

அதில் போன ஒருவரின் மகன் அன்று கைக்குழந்தை. முதியவரான பின், அந்த விமானத்தைத் தேடித் தரும்படி குல்ஸிடம் கேட்கிறார்.

தேடல் ஆண்டுக்கணக்கில் போகிறது. மார்பளவு ஆறுகள். உறைபனியில் முகாம். பாதை அறிந்தவர்கள் லீசு இன மக்கள். முன்னால் நடப்பவர்கள் அவர்கள், சுமப்பவர்கள் அவர்கள்.

2021 டிசம்பரில் பனி மூடிய ஒரு சரிவில் அது கிடைக்கிறது. வால் பகுதியில் இருந்த எண்ணை வைத்து அடையாளம் காண்கிறார்கள். மனித எச்சங்கள் எதுவும் இல்லை.

அதற்கு முன்பு, 2018இல், இதே தேடலில் முகாம் அமைக்கப் போன லீசு வழிகாட்டிகள் மூவர் பனிப்புயலில் சிக்குகிறார்கள். குளிரில் இறக்கிறார்கள்.

அந்த விமானம் விழுந்து எழுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து. மூவரையும் எந்தக் கணக்கில் எழுதுவது.